எண்ணோடு நிற்கும் மலை

கேள்வி: கே2 என்றால் இமயமலைச் சிகரம் என்று படித்திருக்கிறேன், மருந்துக் கடையில் அது வைட்டமின் என்கிறார்கள். அவ்வளவு பெரிய மலைக்கு வெறும் எண்ணை வைக்காமல் நல்ல பெயராக ஒன்று சூட்டியிருக்கக் கூடாதா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: 8,611 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் இருப்பது இமயத்தில் அல்ல, காரகோரம் மலைத்தொடரில்; அந்தக் காரகோரமே அங்கே 'கே' ஆனது. 1856ஆம் ஆண்டில் மாண்ட்கோமரி என்னும் நில அளவை அதிகாரி, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் காஷ்மீரத்து ஹரமுக் மலைமீது நின்று, தொலைவில் தெரிந்த இரு சிகரங்களை வரைந்து கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். முன்னதற்கு மாஷர்ப்ரம் என்ற உள்ளூர்ப் பெயர் இருப்பது தெரிந்ததும் அதன் எண் உதிர்ந்தது. பின்னது ஊரார் கண்ணுக்கு எட்டாமல் பனியாறுகளுக்குப் பின்னால் நின்றதால் எண்ணே நிலைத்தது. வைட்டமினின் 'கே' வேறு. கொழுப்பற்ற தீனி தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தம் உறையாமல் கசிவதைக் கண்ட டென்மார்க்கின் ஹென்ரிக் டாம், அவர் நாட்டில் 'கே'யில் தொடங்கும் கோயாகுலேஷன், அதாவது உறைதல், என்ற சொல்லின் முதலெழுத்தை அக்கசிவைத் தடுக்கும் அந்த வைட்டமினுக்கு இட்டார். பழுதுபட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி 2014இல் தொடங்கிய இரண்டாம் பணிக்கும் கே2 என்றே பெயர்.

இவையெல்லாம் இருக்கட்டும்; 'நல்ல பெயர்' என்கிறீர்களே, அதைத்தான் விட மனமில்லை. 15ஆம் சிகரம் என்று எண்ணோடிருந்த இன்னொரு மலைக்கு, தலைமை அளவையாளர் ஆண்ட்ரூ வா என்பவர் தமக்கு முன் அப்பதவியிலிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயரை முன்மொழிந்தார். இந்தியர்கள் வாயில் அது நுழையாது என்று எவரெஸ்ட்டே மறுத்தும், 1865இல் லண்டனின் அரச புவியியல் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. கே2வுக்கும் காட்வின் ஆஸ்டின் என்ற அதிகாரியின் பெயரைச் சூட்டப் பார்த்தார்கள். நல்லவேளையாக அச்சங்கம் இணங்கவில்லை.

பேருந்து நிலையங்களுக்கு நடக்கும் பெயர் சூட்டு விழாக்களை இப்பக்கத்தில் நான் வைவதும், அதற்காக வாசகர்கள் என்னை வைவதும் பழைய கதை. இம்மலைகளை அளந்த அந்த அளவைப் பணி 1802இல் சென்னைப் பரங்கிமலையருகேதான் தொடங்கியது. பெயரிடும் பொறுப்பும் நம்மவரிடமே இருந்திருந்தால், அடைமொழிகள் முடிவதற்குள் மலை முடிந்திருக்கும். ஆட்சி மாறியதும் உச்சியிலுள்ள பலகையைக் கழற்ற ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். குறைந்த தொகைக்கு எடுத்தவர் அடிவாரத்தில் புதுப் பலகை ஒன்றை நட்டுப் படமெடுத்து, ஏறி இறங்கிய கூலியையும் சேர்த்துப் பட்டியல் கொடுப்பார். தணிக்கைக்குழு நேரில் பார்வையிட வேண்டும் என்று சொல்லாது.

நீங்கள் இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவரானால், மருத்துவரைக் கேளாமல் கடைக்காரர் தரும் கே2வை வாங்கிவிடாதீர்கள்.