வாசகர் கேள்வி: மது அருந்தாதவர்களுக்கு டோரு நதிப் பயணம்

கேள்வி: போர்ச்சுகலில் பணிபுரியும் மகனைப் பார்க்க நானும் கணவரும் செப்டம்பரில் செல்கிறோம். டோரு நதியில் ஒரு வாரக் கப்பல் பயணம் போகலாம் என்கிறான். திட்டத்தில் பாதி ஒயின் ஆலைகளாகவே இருக்கின்றன. மது வாடையே ஆகாத எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அவசியம் போய்வாருங்கள். வரலாறு கற்பித்த உங்களுக்குக் கோப்பையைத் தொடாமலே அங்கு நிறையக் கிடைக்கும். எல்டர்பெர்ரி என்னும் கருநிறப் பழத்தின் சாற்றைக் கலந்து, அப்பகுதியின் புகழ்பெற்ற இனிப்பு ஒயினான போர்ட்டுக்கு நிறமேற்றும் மோசடி பெருகியதால், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் 1756இல் அந்தத் திராட்சை விளையும் பகுதிக்குச் சட்டப்படி எல்லை வகுத்து, அந்த எல்லை நெடுகக் கருங்கல் தூண்களை நடச்செய்தார். அப்போது தொடங்கப்பட்ட வணிக நிறுவனத்தின் பழைய கட்டடத்தில்தான் ரேகுவா ஊரின் டோரு அருங்காட்சியகம் இருக்கிறது.

கப்பலிலிருந்து தெரியும் படிக்கட்டுத் தோட்டங்களைக் கவனித்துப் பாருங்கள். பலகை பலகையாகப் பிளக்கும் பாறையை உடைத்து, சாந்தில்லாமல் அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. உங்கள் பயணம் அறுவடைக் காலத்தில் அமைவதால், கருங்கல் தொட்டிக்குள் தோளோடு தோள் கோத்து நின்று திராட்சையை மிதிப்பவர்களைச் சில தோட்டங்களில் காணவும் கூடும். கராபதேலோ அணையில் கப்பல் ஒரு குறுகிய அறைக்குள் நுழைய, நீர் நிரம்பி அதை 35 மீட்டர் உயர்த்தும். அந்நேரம் மேல்தளத்தில் இருங்கள், ஈரச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் கீழிறங்கிச் செல்லும்.

ஆனால் இந்தப் பயணத்தின் சிகரம் என்று நான் கருதுவது ஆலைகளை அல்ல, டோருவில் வந்து கலக்கும் கோஆ ஆற்றின் கரைப் பாறைகளை. இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர்கள் அங்கே குதிரைகளையும் காட்டெருதுகளையும் செதுக்கினார்கள். தலையசைவைக் காட்ட ஒரே உடலுக்கு இரண்டு மூன்று தலைகள்கூட வரைந்திருக்கிறார்கள். 1990களில் கட்டப்பட்டுவந்த அணையில் இவை மூழ்கவிருந்தபோது, "செதுக்கல்களுக்கு நீந்தத் தெரியாது" என்ற முழக்கத்துடன் மாணவர்களும் போராடினார்கள். அணை வேலை நிறுத்தப்பட்டது, 1998இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஒரு பள்ளத்தாக்கே இப்படித் தப்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆகவே பதிவு செய்யுமுன், கப்பல் மேல்நதித் துறைகளான போசின்யு அல்லது பார்கா தல்வா வரை செல்கிறதா, கோஆ அருங்காட்சியகம் திட்டத்தில் உள்ளதா என்று மகனைக் கேட்டறியச் சொல்லுங்கள். பாறைகளை நேரில் பார்க்க வழிகாட்டியுடன்தான் போக முடியும். அதற்கு முன்பதிவு வேண்டும்.