இரண்டு திருநெல்வேலி: மகளின் படிப்பு பற்றி ஓர் அப்பாவுக்கு

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தீர்கள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "நர்சிங் சேருன்னா மாட்டேங்கா. சண்ட நடந்த ஊருக்குப் போயி, மனசு ஒடஞ்ச சனங்களோட வேல செய்யணுமாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலதான அது? நாளைக்கு எவன் கட்டுவான்?" பதில் சொல்லத் தொடங்குமுன் அவள் வந்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் கேட்பது கனவு இல்லை, இருக்கிற வேலைதான். போரோ கலவரமோ நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல், அதாவது நூற்றுக்கு 22 பேருக்கு, ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்கு. இத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க எந்த நாட்டாலும் முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில், தெருவுக்குள், தெரிந்த மொழியில்தான் பார்க்க முடியும். உங்கள் மகள் "சமூக மனநலம்" என்று சொன்னது இதைத்தான்.

இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக நகரம். 1971-இல் அங்கிருந்த மனநல மருத்துவமனையின் பொறுப்புக்கு பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் வந்தபோது ஏறக்குறைய 1,200 பேர் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். அவர் கதவுகளைத் திறந்துவிட்டு, சிகிச்சையை நகரத்துக்குள் கொண்டுபோனார். 1978-இல் அது நாட்டுக்கே சட்டமானது. இன்றும் பல நாட்டு ஊழியர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்கிறார்கள். ராமநாதபுரம் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த 28 பேர் தீயில் எரிந்து போனார்களே, அந்தச் செய்தி உங்களுக்கு மறந்திருக்காது. கட்டி வைப்பது வைத்தியம் இல்லை என்பதை நாமும் அவ்வளவு விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ, போரின்போது 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை முற்றுகைக்குள் கிடந்தது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் பத்து வட்டாரங்கள் உண்டு. அந்த மாநகராட்சி சரயேவோவைத் தன் பதினோராவது வட்டாரமாக ஏற்றுக்கொண்டு கைகொடுத்தது. 55 வார்டு உள்ள நம் திருநெல்வேலி மாநகராட்சி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரை 56-ஆவது வார்டு என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அந்த உதவி பெரும்பாலும் கட்டடங்களைத் திரும்பக் கட்டுவதற்குப் போனது. மனசுக்கான வேலை தனியாக நடந்தது. போஸ்னியாவில் 1996 முதல் பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பாமல், ஊர் ஊராகச் சமூக மனநல மையங்கள் வைக்கத் தொடங்கினார்கள். வெளிநாடுகள் பணமும் பயிற்சியும் தந்தன. மையத்தில் உட்கார்ந்து பேசியது அந்தந்த ஊர்க்காரர்கள். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மகளின் படிப்பே இதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, அண்ணாச்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். 1983 ஜூலை 23 இரவு 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதும் அந்தத் திருநெல்வேலியில்தான். அதைத் தொடர்ந்து தமிழர்கள் மீது பெரும் வன்முறை, பிறகு 2009 மே வரை போர். அதற்கு நடுவில் அங்கே மனநல மருத்துவரும் பேராசிரியருமான தயா சோமசுந்தரமும் உடன் இருந்தவர்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது, காயம் ஊருக்கே பட்டிருக்கிறது என்றார் அவர். மனநல உதவிக்கென்றே 'சாந்திகம்' என்ற அமைப்பு அங்கே 1987 முதல் இயங்குகிறது. நாம் 'கவுன்சலிங்' என்கிறோமே, அதை அவர்கள் 'உளவளத்துணை' என்கிறார்கள். 'ட்ராமா'வுக்கு 'மனவடு'. எனக்கு அந்த 'துணை' என்ற சொல் மிகவும் பிடிக்கும்.

அது எப்படிப்பட்ட துணை என்று ஒருமுறை கண்ணால் பார்த்தேன். நம் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் படிப்பு பற்றிப் பேசப் போயிருந்தேன். அன்றைக்குப் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடை. மத்தியானம் வேட்டுச் சத்தம் கேட்டதும் ஒரு வயதான அம்மா சாப்பாட்டுத் தட்டோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். முகாமிலேயே வளர்ந்து பயிற்சி எடுத்த ஒரு பெண் வந்தாள். 'வெளியே வாங்கோ' என்று சொல்லவில்லை. 'ஒண்ணுமில்ல, வேட்டுதான்' என்றும் சொல்லவில்லை. ஒரு சுளகில் முருங்கைக்கீரையை எடுத்துவந்து, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, "அம்மம்மா, நான் இங்கதான் இருக்கிறன்" என்றுவிட்டு உருவ ஆரம்பித்தாள். வேட்டு நின்று வெகுநேரம் கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து ஒரு இணுக்கை எடுத்துக்கொண்டது.

நீங்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலை என்று நினைத்தது இதைத்தான்.

இதில் படிப்பு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அந்தப் பெண் என்ன செய்யாமல் இருந்தாள் என்பதில்தான் படிப்பு இருக்கிறது. நெருக்கடிக் கால மனநல உதவிக்கு 2007-இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. அது நம் கோபுரம் மாதிரி. அகலமான அடித்தட்டில் சோறு, தண்ணீர், பாதுகாப்பு. அதற்கு மேல் குடும்பத்தையும் ஊரையும் திரும்ப ஒட்டுகிற வேலை. அதற்கு மேல் பயிற்சி பெற்ற பணியாளர்கள். உச்சியில்தான் மனநல மருத்துவர்கள். உங்கள் மகளுக்கான இடம் நடுத்தட்டுகளில்.

அதனால் நான் சொல்வது: இளங்கலையில் உளவியல் அல்லது சமூகப்பணி. பிறகு மருத்துவ, மனநலப் பிரிவோடு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை. சென்னையில் 1952 முதல் இருக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதற்கும் மேலே போக பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம். மனநலச் சமூகப்பணிக்கான எம்.பில். மாறிக்கொண்டிருக்கிற கட்டத்தில் இருக்கிறது, சேருகிற வருஷத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக விரும்பினால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ள படிப்பு அவசியம். ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: உளவியலைத் தபால்வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்திவிட்டது. யாராவது "வீட்டுல இருந்தே எம்.எஸ்ஸி. சைக்காலஜி" என்று நோட்டீஸ் கொடுத்தால் பணம் கட்டாதீர்கள்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். முதல் சில வருஷம் குறைவுதான், பல இடங்களில் ஒப்பந்த வேலை. ஆனால் இடங்கள் உண்டு: மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவக் கல்லூரி, பள்ளி, தொலைபேசியில் மனநல உதவி தருகிற அரசின் 14416 டெலி மானஸ், தொண்டு நிறுவனங்கள். வெளிநாட்டு அமைப்புகள் பட்டம் வாங்கிய கையோடு யாரையும் விமானம் ஏற்றுவதில்லை, வேலை அனுபவம் கேட்பார்கள். அங்கேயும் பெரும்பாலான வேலை உள்ளூர்க்காரர்களுக்குத்தான், அதுதான் சரியும்கூட. வெளியிலிருந்து போகிறவர் பயிற்சி கொடுக்கப் போகிறார். பயிற்சி கொடுக்க அவள் முதலில் இங்கே பத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இங்கே அதற்கு இடமா இல்லை? அவளிடம் ஏன் இந்த ஆசை என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். கூடப் படித்த பிள்ளை ஒருத்தி, கையில் கட்டுகிற சாதிக் கயிற்றால் வந்த சண்டையில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். "அதுக்கப்புறம் அவள யாருமே பேசிப் பாக்கல சார்" என்றாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டியதையும், அதற்குப் பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்ததையும் நாம் பேப்பரில் படித்தோம். அவள் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சண்டை நடந்த ஊர் என்று அவள் சொன்னபோது நீங்கள் கப்பலேறிப் போகிற ஊரை நினைத்தீர்கள், அவள் நம்ம ஊரையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

கல்யாணம் பற்றிக் கேட்டீர்கள். இந்த வேலையில் இருக்கிற பெண்கள் குடும்பத்தோடு நன்றாக இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு வேறொரு கவலை. அடுத்தவர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்கிறவளின் துயரத்தை யார் கேட்பார்? வேலைக்குச் சேரும் இடத்தில் மூத்தவர் ஒருவர் வாரம் தவறாமல் இவளோடு உட்கார்ந்து பேசுவாரா என்று சம்பளத்துக்கு முன்னால் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் அதைக் கேட்க நீங்கள் இருக்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை இருவரும் வாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றிலும் இரண்டு நகல் எடுத்துவரட்டும். விண்ணப்பத்தை நானே உடன் இருந்து நிரப்பித் தருகிறேன். இந்தத் தடவை அவள் வெளியே போகும்வரை காத்திருக்காமல், அவள் முன்னாலேயே கேளுங்கள் அண்ணாச்சி.