சயான் தம்பிக்கு: மனைவிக்கு லேப்டாப் வாங்கும் முன்

தம்பி, தென்காசிப் பக்கமிருந்து மும்பைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, சயானில் ஒரே அறையும் சமையலறையுமாக வீடு, வரும் கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஐம்பதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப் வாங்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். லேப்டாப்பின் மூளையான புராசசரில் ஐ5 எடுப்பதா ஐ7 எடுப்பதா, ஆன்லைனிலா, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டிலா, செகண்ட் ஹேண்ட் சரிப்படுமா, அவருக்குத் தெரியாமல் வாங்கி அன்றைக்குக் கையில் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இதே மும்பையில் செம்பூருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இதே மாதிரி ஒரு பரிசைக் கையில் வாங்கியவள் என்பதால் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தெரியாமல் வாங்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் அப்படித்தான் வாங்கி வந்தார், ஆசை ஆசையாக, கையில் இருந்ததையெல்லாம் போட்டு. கேம் விளையாடுகிறவர்களுக்கான மாடல், 15.6 அங்குலத் திரை, இரண்டரைக் கிலோ. வீட்டில் மேசை போட இடமில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தலையணை வைத்து, அதன்மேல்தான் லேப்டாப். லேப்டாப்பின் அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தைத் தலையணை அடைத்துக்கொள்ளும், பத்து நிமிஷத்தில் விசிறி இரைய ஆரம்பித்துவிடும். இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது: கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனிப் பட்டை இருந்தது. அதனால் எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நேராக உட்கார்ந்தால் விரல் பக்கத்துக் கீயில் விழும். உடம்பைத் திருப்பி உட்கார்ந்தால் அரைமணியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. அவ்வளவு ஆசையாக வாங்கி வந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷம் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். ஊரைவிட்டு வந்து பாஷை தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்த வருஷம் அது. எனக்கு அது ரொம்பவே தேவைப்பட்டிருந்த வருஷம்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது அவர் எங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார் என்பதை. பி.காம். படித்தவர், ஆன்லைனில் டியூஷன் எடுக்க நினைக்கிறார், அம்மாவோடு தினமும் வீடியோ காலில் பேசுவார், தமிழில் எழுதுவார் என்கிறீர்கள். இதற்கு ஐ7 தேவையே இல்லை. இன்டெலின் ஐ5 அல்லது ஏஎம்டியின் ரைசன் 5 தாராளம். பெயரைவிட எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஏழாம் தலைமுறை ஐ7-ஐவிடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 எவ்வளவோ வேகம். புராசசரின் மாடல் எண் கடைசியில் எச் என்று இருந்தால் சூடும் கரண்ட் செலவும் அதிகம். யு என்று இருப்பது வீட்டுக்கு நல்லது.

மிச்சப்படும் பணத்தை ரேமில், அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தாங்கும் நினைவகத்தில் போடுங்கள். 8 ஜிபியில் வேலை நடக்கும், ஆனால் டியூஷன் வீடியோவும், பாடப் புத்தகம் ஒரு பக்கமும், பிரவுசரில் பத்து ஜன்னலும் சேர்ந்தால் திணறும். 16 ஜிபி எடுத்துவிடுங்கள். பட்ஜெட் இடித்தால் 8 ஜிபி வாங்கலாம், ஆனால் பிறகு கூட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது. ஃபைல்களைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் வேண்டாம், அதைவிட வேகமான எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். திரை 14 அங்குலம், ஃபுல் எச்டி, பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மங்காத ஐபிஎஸ் வகை. எடை ஒன்றரைக் கிலோவுக்குள். அந்த அளவில் எண் பட்டை பெரும்பாலும் வராது. கேமரா 1080பி-ஆக இருந்தால் டியூஷனுக்கு முகம் தெளிவாகத் தெரியும்.

தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்டைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 என்ற தட்டச்சு முறையும் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறையும் இருக்கிறது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். முதல் நாளே இதைப் போட்டுக் காட்டிவிடுங்கள். நான் தமிழ்99-க்குப் பதினைந்து நாளில் பழகிவிட்டேன், இன்றுவரை அதுதான்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தையதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பேட்டரியும் பழசாகத்தான் இருக்கும். முதல் லேப்டாப் என்பதால் புதுசே வாங்குங்கள்.

ஆன்லைனில் விலை பாருங்கள், ஆனால் கடைக்கு அவரையும் கூட்டிப்போய் கீபோர்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சயானில் ஏறி தாதரில் இறங்கி, வெஸ்டர்ன் லைனில் ஸ்லோ வண்டி பிடித்தால் கிராண்ட் ரோடு. கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் லேமிங்டன் ரோடு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கடையில் 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்பார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் சபலமாகத்தான் இருக்கும். வெறும் துண்டுச் சீட்டான கச்சா பில்லை நம்பி ஏமாறாதீர்கள், ஜிஎஸ்டி போட்ட பக்கா பில் கேளுங்கள். பெட்டியில், லேப்டாப்பின் அடியில், பில்லில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். அங்கேயே ஆன் செய்து ரேம் எவ்வளவு காட்டுகிறது என்றும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 16 என்று பணம் கொடுத்து 8-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே அலமாரிக்குள்கூட ஈரம் ஏறும். நாள் கணக்கில் மூடி வைக்காமல் தினமும் கொஞ்சம் ஓட்டச் சொல்லுங்கள், பை நனையாததாக வாங்குங்கள். சாதாரண வாரன்டியில் தண்ணீர் பட்ட சேதம் சேராது. சமையலறையை ஒட்டி உட்கார்வதாக இருந்தால், எதிர்பாராத சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பு எடுப்பது நல்லது. அது தண்ணீரையும் சேர்க்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வாங்கி முடித்ததும் திரும்பும்போது மாட்டுங்காவில் இறங்கி இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கல்யாண நாளுக்கு அது போதும், மறைத்து வைத்துக் கொடுப்பதைவிட இது சந்தோஷமாக இருக்கும்.

பில்லில் அவர் பெயரையும் அவர் போன் நம்பரையும் போடச் சொல்லுங்கள், லாகினும் பாஸ்வேர்டும் அவரே வைக்கட்டும். வாடகை ஒப்பந்தம், கேஸ், கரண்ட் பில் எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும். இந்த ஊரில் என் பெயர் போட்டு முதன்முதலாக வந்த பில் என் இரண்டாவது லேப்டாப்புடையது. அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.