கிளிநொச்சியில் லீசிங்கில் ஓட்டோ எடுக்கலாமா?

தம்பி, ஏ.எல். முடித்து வேலையில்லை, லீசிங்கில் ஓட்டோ எடுத்து கிளிநொச்சிச் சந்தையடியில் ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏ9 ரோட்டோரம் ஏற்கெனவே ஓட்டோக்கள் வரிசையில் நிற்கின்றன, ஓட்டமே இல்லாத மாதத்திலும் லீசிங் தவணைக் காசு கட்டத்தான் வேண்டும்.

இங்கே காசு புழங்குவது நெல்லை நம்பித்தான், இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் மழையும் சரியாக வந்து மாரிகால நெல்லான காலபோகம் விளைந்தால்தான் கடைகளிலும் கராஜ்களிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். அறுவடை நேரம் வெட்டு மெசினில் ஒரு பெல்ட் அறுந்தால், வயல்காரர் வானத்தைப் பார்த்துப் பார்த்து மெக்கானிக்குக்கு போன் அடித்துக்கொண்டு நிற்பார். அந்த வேலையைப் பழகுங்கள். அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனமும் விவசாய இயந்திரமும் படிக்கலாம், என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கிடைக்கும். அடுத்த விண்ணப்பம் எப்போது என்று நேரே போய் விசாரியுங்கள். அதுவரை வீட்டுச் செலவு இடித்தால் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போங்கள், ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதியாவது சேரும்.