கமா மூச்சு விடும் இடமா?

கேள்வி: மூச்சு விடும் இடத்தில் கமா போடு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் 'தி ட்ரெயின் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி மீட்டிங்' என்று நான் எழுதிய மெயிலில் கமா தப்பு என்கிறார் மேலாளர். 'டுமாரோ இட்செல்ஃப்' என்றால் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: கமா விஷயத்தில் மேலாளர் சொல்வதுதான் சரி. சிரித்ததற்கு மட்டும் அவருக்கு மார்க் கிடையாது.

தாதர் ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறவர்கள் வாங்கும் மூச்சுக்கெல்லாம் கமா போட்டால் மெயில் தாங்குமா? 'ரயில் தாமதமானது, மீட்டிங் போச்சு' என்று தமிழில் இரண்டு முற்றுவினைகளைக் கமாவால் ஒட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில், தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைக் கட்டிவைக்கும் பலம் வெறும் கமாவுக்குக் கிடையாது. நடுவில் முற்றுப்புள்ளி வையுங்கள். இல்லையென்றால் கமாவுக்குப் பிறகு ஒரு 'ஸோ' சேருங்கள். அரைப்புள்ளியும் செல்லும், ஆனால் ஆபீஸ் மெயிலில் அது பட்டுவேட்டி கட்டிக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் ஏறுவது மாதிரி.

கமாவின் வேலை பொருளைப் பிரிப்பது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாத வேலைகளைச் சொல்லும் சட்டப் பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா இல்லை. அப்படியானால் விலக்கு பேக்கிங் வேலைக்குத்தான், சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற எங்களுக்கு இல்லை என்று வாதாடினார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. மூச்சுக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள்?

அப்புறம் அந்த 'இட்செல்ஃப்'. அது நம் ஏகாரம். 'நாளைக்கே' என்பதில் இருக்கும் 'ஏ'யை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் தலையில் கட்டிவிட்டோம். 'ஐ ஆம் இன் மாட்டுங்கா ஒன்லி' என்பதில் வரும் 'ஒன்லி' நம் 'தான்'. இந்திக்காரர்களும் தங்கள் 'ஹீ'யை இப்படித்தான் மொழிபெயர்க்கிறார்கள். லண்டனுக்கு எழுதினால் வெறும் 'டுமாரோ' போதும். அவசரம் என்றால் 'நோ லேட்டர் தேன் டுமாரோ'. பக்கத்து மேஜைக்காரருக்கு எழுதும்போது 'இட்செல்ஃப்' இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு நன்றாகவே புரியும்.

சரி, உங்கள் மேலாளர் பதில் கேட்கும்போது 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று எழுதுகிறாரா? இந்தியாவுக்கு வெளியே பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. எழுதினால், நீங்களும் ஒரு தடவை சிரித்துக்கொள்ளுங்கள்.