தஞ்சாவூர்ப் பக்கம் தரையில் வைத்த புளூபெர்ரிக் கன்றின் தளிர் ஏன் மஞ்சளாகிறது?

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் மண்ணில் அமிலம் போதாததால் வேரால்தான் எடுக்க முடியாது. புளூபெர்ரிக்கு பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5 முதல் 5.5 வரை வேண்டும். டெல்டாவின் வண்டல் களிமண் பல இடங்களில் 7-க்கு மேல். கடினமான போர் தண்ணீர் அதை இன்னும் ஏற்றும். இரும்புச்சத்து தெளித்தால் கொஞ்ச நாள் பச்சை திரும்பும், அவ்வளவுதான்.

கன்றைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. பாதி தென்னை நார்க்கழிவு, மீதி மக்கிய மரப்பட்டைத் துண்டும் பெர்லைட்டும் (நீர் வடிய உதவும் லேசான வெள்ளைக் குருணை). நார்க்கழிவை மழைநீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள்; உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றும் கிட்டவே வரக்கூடாது. உரத்துக்கு அம்மோனியம் சல்பேட், மாதம் அரைத் தேக்கரண்டி, ஈரக் கலவையில் மட்டும்.

மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே சிறந்தது. தீர்ந்தால், போர் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, பி.எச். தாளில் 5.5 காட்டும்வரை இறக்குங்கள். வேர் மெல்லியது, மேலாகவே படரும்; ஒருநாள் காய்ந்தாலும் வாடிவிடும். ஐப்பசி அடைமழையில் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுங்கள், நீர் தேங்கினால் வேர் அழுகும். சித்திரை, வைகாசியில் 50 சதவீத நிழல்வலை.

காய்ப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பூ மொட்டு சரியாக விழிக்க 7 டிகிரிக்குக் கீழான குளிர் நேரம் தேவை. நம் மார்கழியில் அது கிடைக்காது. குளிர் குறைவாகக் கேட்கும் பிலாக்ஸி, மிஸ்டி ரகங்களில்கூடக் கைப்பிடி அளவே எதிர்பார்க்கலாம். தரையில்தான் புதர் வேண்டுமென்றால் களாக்காய் வையுங்கள். அதற்கு இந்த மண் ஒத்துக்கொள்ளும்.