ஒரு டிக்கெட் வீணா?

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறேன். கோவையிலிருந்து வந்த கல்லூரித் தோழியை ஆர்ட்சயின்ஸ் மியூசியத்தில் டீம்லேப் என்ற ஜப்பானியக் கலைக்குழுவின் காட்சிக்கு அழைத்துப் போனேன். சுவர், தரை எல்லாம் வீடியோவாகப் பூக்கள். அவளோ ஒன்றரை மணி நேரமும் ரீல்ஸ் எடுத்தாள். என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. மாமியார் குழந்தையோடு வெளியே பெஞ்சில் இருந்தார். அவருக்கு இதெல்லாம் புரியாது, டிக்கெட் வீண். தோழி நடந்துகொண்டதுதான் மனதை அரிக்கிறது. நட்பை விட்டுவிடலாமா?

பதில்: சகோதரி, போனும் கையுமாகத் திரிகிற தோழிகளைப் பற்றி எனக்கு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. 'போனைப் பைக்குள் போடுடி' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் அந்த விஷயம்.

என்னை உறுத்துவது அந்த பெஞ்ச். நீங்கள் ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக உள்ளே இருந்தது, வெளியே ஒருவர் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தானே? அவருக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் வீணா?

புரியாது என்கிறீர்கள். அங்கே புரிய என்ன இருக்கிறது? அந்தப் பூக்கள் முன்பே எடுத்து ஓடவிட்ட படம் இல்லை. உள்ளே இருப்பவர்களைப் பொறுத்து அந்தந்த நொடியில் கம்ப்யூட்டர் வரைவது. அசையாமல் நின்றால் பூக்கள் தழைக்கும். தொட்டாலோ மிதித்தாலோ இதழ் கொட்டி வாடிவிடும். ரீல்ஸுக்காகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தவளுக்கு எத்தனை பூ நின்றதோ! உங்கள் மாமியார் உள்ளே வந்திருந்தால் ஓரமாகப் பேசாமல் நின்றிருப்பார். அன்றைக்குத் தோட்டமே அவர் காலடியில்தான் வந்திருக்கும். அங்கே தாளில் மீன் வரைந்து கொடுத்தால் ஸ்கேன் ஆகிச் சுவரில் நீந்துமே, அதற்கும் படிப்பு வேண்டாம். விடிந்தால் வாசலில் கோலம் போட்ட கைக்கு ஒரு மீன் வராதா?

நான் பழைய ஆள், அப்படித்தான் பேசுவேன். பேரப்பிள்ளைக்காக ஊர், வீடு, கோயில் எல்லாம் விட்டு வந்த பெரியவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, பத்து நாள் விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் கேட்டுப் பழகவில்லை. அது உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

வருகிற சனிக்கிழமைக்கே டிக்கெட் எடுங்கள், இரண்டு: அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. குழந்தையோடு பெஞ்சில் உட்கார உங்கள் கணவர் இருக்கிறாரே! அவரைக் கடிதத்தில் எங்கேயும் காணோம்.